கொண்டு செல்வதும் கொண்டு வருவதும்

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டு வேறோர் ஊருக்குச் சென்று வாழ்வது தமிழருக்குப் புதிதன்று. பணிக்காகவும் தொழிலுக்காகவும் புனேவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மராத்தி கற்றன, இந்தியும் கற்றன, தமிழையும் கைவிடவில்லை. அக்குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுள் சிலர் நாளை கல்விக்காகக் கடல் கடந்து செல்லக்கூடும். ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிமாற்ற மாணவராகப் பயில்வது எவ்வாறு, அதற்கு என்னென்ன வேண்டும், அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

புனேவில் ஒரு ஜப்பானியப் பூங்கா

புனே நகரின் சிங்ககட் சாலையில் பத்து ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா உள்ளது. குளம், மரப்பாலம், வளைந்தோடும் நீரோடை, சீராக வெட்டப்பட்ட புல்வெளி ஆகியவை அங்கு வருவோரை வரவேற்கின்றன. ஜப்பான் நாட்டின் ஒகாயாமா நகரில் 1700ஆம் ஆண்டு அமைத்து முடிக்கப்பட்ட கோராக்குஎன் என்னும் பூங்காவை முன்மாதிரியாகக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. கோராக்குஎன், ஜப்பானின் மிகச் சிறந்த மூன்று பூங்காக்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது.

புனேவில் உள்ள பூங்கா புனே – ஒகாயாமா நட்புறவுப் பூங்கா என அழைக்கப்படுகிறது. மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் பெயரும் அதற்கு உண்டு. அவர் கிழக்கு நாடுகளில் பயணம் செய்து, தாம் கண்டவற்றை மராத்தி மக்கள் படிக்கும்படி பயணநூலாக எழுதியவர். ஒரு நாட்டின் பூங்கா மற்றொரு நாட்டின் நகரில் வேர்கொள்வது போலவே, ஒரு நாட்டின் கல்வியும் பண்பாடும் மற்றொரு நாட்டில் வேர்கொள்ள இயலும். மாணவர் பரிமாற்றம் அதற்கான வழிகளுள் ஒன்று.

பரிமாற்ற மாணவர் என்பவர் யார்?

வெளிநாட்டில் கல்வி கற்போர் இருவகைப்படுவர். பட்டப்படிப்பு முழுவதையும் அங்கேயே பயின்று பட்டம் பெறுவோர் ஒரு வகையினர். தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்துகொண்டே, ஒரு பருவமோ ஓர் ஆண்டோ மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்புவோர் மற்றொரு வகையினர். இவர்களே பரிமாற்ற மாணவர்கள் ஆவர்.

இதற்கு அடிப்படையாக இருப்பது இரு பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். இங்கிருந்து சில மாணவர்கள் அங்குச் செல்வர். அங்கிருந்து சில மாணவர்கள் இங்கு வருவர். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மாணவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கல்விக்கட்டணம் செலுத்துவார். சென்று பயிலும் பல்கலைக்கழகம் அவரிடம் கட்டணம் பெறுவதில்லை. அங்கு அவர் பெறும் மதிப்பெண்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டு இங்குள்ள படிப்பில் சேர்த்துக்கொள்ளப்படும்.

எந்தெந்தப் பாடங்கள் அவ்வாறு ஏற்கப்படும் என்பதைப் புறப்படும் முன்னரே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும். இதனைக் கேட்டறியாமல் சென்றால், திரும்பி வந்தபின் அதே பாடங்களை மீண்டும் படிக்க நேரிடலாம். ஓர் ஆண்டின் உழைப்பு கணக்கில் வராமல் போவது சிறிய இழப்பன்று.

ஜப்பானிய அரசு வழங்கும் உதவித்தொகைகளும் உள்ளன. 1954ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு அயல்நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்துவருகிறது. பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் பயில்வோர் ஓராண்டு காலம் அங்குச் சென்று கற்பதற்கெனத் தனி உதவித்தொகை ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

மொழியே முதற்படி

ஜப்பானில் ஆங்கிலவழிப் பாடங்களும் உண்டு. எனினும் கடை, மருத்துவமனை, நகராட்சி அலுவலகம் எனப் பல இடங்களிலும் ஜப்பானிய மொழியே வழங்குகிறது. ஆகவே, புறப்படுவதற்கு முன்பே அம்மொழியைக் கற்பது இன்றியமையாதது.

இவ்வகையில் புனே பெயர்பெற்ற நகரம். பெர்குசன் கல்லூரிச் சாலையில் உள்ள ரானடே நிறுவனத்தில் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை இயங்குகிறது. திலக் மகாராஷ்டிர வித்யாபீடத்திலும் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. மாலை நேரங்களில் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பது இந்நகரில் இயல்பான காட்சி.

ஜப்பானிய மொழித் திறனை அளக்க ஜேஎல்பிடி என்னும் தேர்வு 1984ஆம் ஆண்டு முதல் நடத்தப்படுகிறது. இதில் ஐந்து நிலைகள் உள்ளன. என்5 தொடக்கநிலை, என்1 உயர்நிலை. இத்தேர்வு நடைபெறும் இந்திய நகரங்களுள் புனேவும் ஒன்று. சொல்லும் எழுத்தும், இலக்கணமும் வாசிப்பும், கேட்டல் திறனும் இதில் சோதிக்கப்படுகின்றன. பேச்சுத் திறன் சோதிக்கப்படுவதில்லை. எனவே, தேர்வில் வென்றவரும் பேசிப் பழகாவிட்டால் அங்கு இடர்ப்படுவார்.

ஜப்பானியர் மூவகை எழுத்துகளை ஒரே தொடரில் கலந்து எழுதுகின்றனர். ஹிரகானா 46 எழுத்துகளும் கதகானா 46 எழுத்துகளும் கொண்டவை. மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த கன்ஜி. அன்றாட வழக்குக்கென அரசு வகுத்த பட்டியலில் 2136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. இவ்வெண்ணிக்கை அச்சம் தரலாம். ஆயினும் புனேவில் வளரும் தமிழ்ப் பிள்ளை கடைப் பலகையில் தேவநாகரியையும், பாடநூலில் ஆங்கில எழுத்தையும், தமிழ் வகுப்பில் தமிழ் எழுத்தையும் நாள்தோறும் படிக்கிறது. மூன்று எழுத்து முறைகளோடு வாழ்வது அதற்குப் பழகிய செயலே.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

ஜப்பானிய உயிர் எழுத்துகள் ஐந்து. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்பதாகும். அடுத்துவரும் எழுத்து வரிசைகள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என அமைகின்றன. தமிழ் நெடுங்கணக்கை அறிந்தவர்க்கு இவ்வொழுங்கு உடனே புலப்படும். பழங்காலத்தில் பௌத்தத் துறவியர் வடமொழி எழுத்துகளைக் கற்றதன் வழியாக இந்திய எழுத்து வரிசையின் செல்வாக்கு ஜப்பானை அடைந்தது.

சொற்றொடர் அமைப்பிலும் ஒற்றுமை மிகுதி. ‘அஸா ஒகிதெ, கஒ ஒ அரத்தெ, கக்கோ நி இகு’ என்பது ஒரு ஜப்பானியத் தொடர். அஸா என்பது காலை. ஒகிதெ என்பது எழுந்து. கஒ என்பது முகம். அதனை அடுத்துள்ள ஒ என்பது நம் ‘ஐ’ உருபு போன்றது. அரத்தெ என்பது கழுவி. கக்கோ என்பது பள்ளி. நி என்பது ‘கு’ உருபு போன்றது. இகு என்பது செல்லுதல். ‘காலையில் எழுந்து, முகத்தைக் கழுவி, பள்ளிக்குச் செல்’ என்னும் தமிழ்த் தொடரின் சொல்வரிசை இதில் மாறாமல் இருப்பதைக் காணலாம். ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இதனைக் கற்பவர் தொடரைத் தலைகீழாகத் திருப்பிப் பொருள் கொள்ள வேண்டும். தமிழோ மராத்தியோ அறிந்தவர்க்கு அத்துன்பம் இல்லை.

‘எழுந்து’, ‘கழுவி’ போன்றவை தமிழில் வினையெச்சங்கள். ஜப்பானியத்திலும் அத்தகைய வடிவம் உண்டு. ஒன்றைச் சுவைத்து அறியுமாறு கூற, நாம் ‘உண்டு பாருங்கள்’ என்கிறோம். இங்குப் ‘பார்’ என்பது கண்ணால் காண்பதைக் குறிக்கவில்லை; முயன்று அறிவதைக் குறிக்கிறது. ஜப்பானியரும் ‘தபெதெ மிதெ குதசாய்’ என்பர். தபெதெ என்பது உண்டு. மிதெ என்பது ‘பார்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. அவ்வாறே ‘மொத்தெ இகு’ என்பது கொண்டு செல்லுதல். ‘மொத்தெ குரு’ என்பது கொண்டு வருதல்.

சுட்டுச் சொற்களையும் காண்போம். கொனொ, சொனொ, அனொ, தொனொ என நான்கு சொற்கள் ஜப்பானியத்தில் உள்ளன. கொனொ பேசுபவரின் அருகில் உள்ளதையும், சொனொ கேட்பவரின் அருகில் உள்ளதையும், அனொ இருவருக்கும் தொலைவில் உள்ளதையும் சுட்டும். தொனொ வினாவுக்கு உரியது. தமிழ் இலக்கணம் அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைக் கூறுகிறது. தமிழ்நாட்டில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத் தமிழர் கேட்பவரின் அருகில் உள்ள பொருளை ‘உந்த’ என இன்றும் சுட்டுகின்றனர். இந்த, உந்த, அந்த, எந்த என்னும் நான்கையும் ஜப்பானியச் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இலக்கணப் பாடம் உயிர்பெறும்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என முடிவுசெய்துவிடலாகாது. தோக்கியோவிலுள்ள காக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என வாதிட்டுப் பல ஆய்வுகளை வெளியிட்டார். மொழியியல் அறிஞர்களுள் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. வினைச்சொல் இறுதியில் வரும் மொழிகள் உலகில் பல உள்ளன. உறவு இருப்பினும் இல்லாவிடினும், தமிழ் இலக்கணம் தெளிவாகத் தெரிந்த மாணவருக்கு ஜப்பானியம் கற்பதில் ஓர் ஏணி கிடைக்கிறது என்பது உறுதி.

ஜப்பானில் முதல் நாள்கள்

ஜப்பானில் கல்வி ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்கும். பரிமாற்ற மாணவர்கள் இவ்விரு காலங்களில் ஒன்றில் சேர்வர். சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தகுதிச் சான்றிதழ் பெறப்படும். அதனைக் கொண்டு மாணவர் இங்குள்ள ஜப்பானியத் தூதரகத்தில் மாணவர் விசா பெறுவார்.

அங்குச் சென்றதும் தங்குரிமை அட்டை வழங்கப்படும். அதனை எப்போதும் உடன்வைத்திருக்க வேண்டும். குடியேறிய 14 நாள்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். அதன்பின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 30 பங்கை மட்டும் மாணவர் செலுத்தினால் போதும். பகுதிநேர வேலை செய்ய விரும்புவோர் முன்னதாக அனுமதி பெற வேண்டும். வகுப்புகள் நடைபெறும் காலத்தில் வாரத்திற்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இவ்விதியை மீறுவோர் தங்கும் உரிமையையே இழக்க நேரிடலாம்.

மாணவரின் பெயர் கதகானா எழுத்தில் எழுதப்படும். அதில் ல, ள, ழ ஆகியவற்றுக்குத் தனி எழுத்துகள் இல்லை; அனைத்தும் ரகர வரிசையிலேயே அடங்கும். மெய்யெழுத்தில் முடியும் பெயர்கள் பலவற்றோடு உயிர் ஒன்று சேரும். எனவே, ‘மலர்’ என்னும் பெயர் அங்கு ‘மரரு’ என ஒலிக்கும். தன் பெயர் வேற்று நாவில் உருமாறுவதைக் கேட்டுப் பழகுவதும் அயலக வாழ்வின் ஒரு பகுதியே.

ஒரு வகுப்பு பெரும்பாலும் 90 நிமிடங்கள் நீடிக்கும். ‘ஜெமி’ எனப்படும் சிறு குழு வகுப்பில் பேராசிரியரோடு சில மாணவர்கள் அமர்ந்து, ஒருவர் ஆய்ந்ததைப் பிறர் கேட்டு வினவுவர். மூத்த மாணவரைச் ‘செம்பாய்’ என்றும் இளைய மாணவரைக் ‘கோஹாய்’ என்றும் அழைப்பர். பிறர் பெயரோடு ‘சான்’ என்னும் மதிப்புச்சொல்லைச் சேர்ப்பர். தம் பெயரோடு அதனைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

உணவில் கவனம் தேவை. காய்கறிச் சாறு போலத் தோன்றும் குழம்பிலும் ‘தாஷி’ என்னும் சாறு சேர்ந்திருக்கும். இது பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைக் கொண்டு செய்யப்படுகிறது. இலங்கைத் தமிழர் சமையலில் சேர்க்கும் மாசிக்கருவாடும் இம்மீனிலிருந்தே கிடைக்கிறது. புலால் உண்ணாதவர் தம் உணவு முறையை ஜப்பானிய மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டு செல்வது நன்று.

தனிமையும் துணையும்

ஜப்பானிய நேரம் இந்திய நேரத்தை விட மூன்றரை மணி முன்னே செல்கிறது. புனேவில் இரவு 8 மணிக்குத் தந்தை பணி முடிந்து வீடு திரும்பித் தொலைபேசியில் அழைக்கும்போது அங்கு இரவு 11.30 ஆகியிருக்கும். அறையில் தனித்திருக்கும் மாணவருக்கு முதல் சில வாரங்கள் கடினமானவை. வகுப்பில் பேசப்படுவது பாதிதான் புரியும். கேட்க நினைத்த வினா, சொற்களைத் தேடி முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். சொந்த ஊரில் முதல் மாணவராக விளங்கியவர் அங்குக் குழந்தையைப் போலப் பேசத் தொடங்க வேண்டும். அந்நாணத்தைத் தாங்குவதே பலருக்கும் பெரிய தேர்வாக அமைகிறது.

இந்நிலையில் வழிகாட்டக்கூடியவர்கள் வீட்டிலேயே உள்ளனர். புனேவுக்கு முதன்முதலில் வந்த தாத்தாவோ பாட்டியோ, தந்தையோ தாயோ, மராத்தி அறியாமல் காய்கறிச் சந்தையில் விரல்களால் விலை பேசியிருக்கலாம். முகவரிச் சான்றுக்காக அலுவலகங்களில் காத்திருந்திருக்கலாம். தவறாகப் பேசினாலும் பேசுவதை நிறுத்தாததால்தான் அவர்கள் மொழியைக் கற்றனர். எந்தப் பல்கலைக்கழகக் கையேட்டிலும் இல்லாத பாடம் இது.

வேறொரு தேர்வும் உண்டு. அறிமுகக் கூட்டங்களில் ஜப்பானிய மாணவர்கள், “உங்கள் தாய்மொழி எது? அதில் என் பெயரை எழுதிக் காட்டுங்கள்” எனக் கேட்கக்கூடும். தமிழ் எனத் தாய்மொழியைச் சொல்லிவிட்டு, அதில் எழுதத் தெரியாமல் நிற்கும் நிலை ஒருவருக்கு நேர்ந்தால், அவர் அங்குக் கொடுப்பதற்கு ஏதுமின்றி நிற்கிறார். எழுதிக் காட்டுபவரோ, அந்த நொடியிலேயே ஆசிரியராகிவிடுகிறார். பரிமாற்றம் என்னும் சொல்லின் பொருளும் இதுவே. பெறுவது மட்டும் பரிமாற்றம் ஆகாது.

ஒரு சிறு நூல் விளைத்த மாற்றம்

ஜப்பானியக் கல்வி புனேவில் வேர்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. மகரிஷி கார்வே எனப் போற்றப்படும் தோண்டோ கேசவ் கார்வே 1858ஆம் ஆண்டு பிறந்தவர். பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கைம்பெண்கள் கல்வி கற்பதற்காக 1896ஆம் ஆண்டில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார்.

தோக்கியோவில் 1901ஆம் ஆண்டு ஜின்சோ நருசே என்பவர் ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகத்தை நிறுவியிருந்தார். அதைப் பற்றிய சிறு நூல் ஒன்று கார்வேயின் கைக்கு வந்தது. அதனைப் படித்த அவர் உள்ளத்தில், இந்தியப் பெண்களுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் எண்ணம் உறுதிபெற்றது. 1915ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற சமூகச் சீர்திருத்த மாநாட்டில் தலைமை உரையாற்றியபோது அவர் இக்கருத்தை எடுத்துரைத்தார். 1916ஆம் ஆண்டு புனேவின் ஹிங்கணே பகுதியில் பெண்கள் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்று அது எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது.

கார்வே பின்பற்றிய முறை எண்ணத்தக்கது. அவர் ஜப்பானிய மொழியைப் புனேவுக்குக் கொண்டுவரவில்லை; ஜப்பானின் கருத்தைக் கொண்டுவந்தார். தம் பல்கலைக்கழகத்தில் தாய்மொழியையே பயிற்றுமொழியாக்கினார். ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக வைத்தார். உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடந்த காலத்தில் அது துணிவான முடிவு. கார்வேக்கு 1958ஆம் ஆண்டு, அவருடைய நூறாவது வயதில், பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நிறைவாக

கையில் கிடைத்த சிறு நூலே ஒரு பல்கலைக்கழகம் உருவாகத் துணைநின்றது எனில், ஓர் ஆண்டு முழுதும் அம்மண்ணில் வாழ்ந்து திரும்பும் மாணவர் கொண்டுவரக்கூடியது எவ்வளவோ! ஆய்வுக்கூடத்தில் கற்ற ஒழுங்கு, நிலநடுக்கத்தை எதிர்கொள்ளும் பயிற்சி, குப்பையை வகை பிரித்து அதற்குரிய நாளில் வெளியே வைக்கும் பழக்கம் ஆகியவை அவற்றுள் சில. அவற்றைப் புனேவின் தெருவுக்கும் தமிழரின் வீட்டுக்கும் ஏற்றவாறு மாற்றிப் பயன்படுத்துவதே திரும்பி வந்தவரின் கடமை.

பெட்டியின் எடைக்கு விமான நிலையத்தில் வரம்பு உண்டு, மொழிக்கு வரம்பில்லை. தமிழும் மராத்தியும் நன்கு கற்ற பிள்ளை அவற்றைச் சுமையின்றிக் கொண்டு செல்லும். திரும்பும்போது மற்றொரு மொழியையும் கொண்டு வரும்.

சொல்லும் பொருளும்

பரிமாற்றம் – கொடுத்தும் பெற்றும் கொள்ளுதல்
முன்மாதிரி – பின்பற்றத்தக்க வடிவம்
நெடுங்கணக்கு – எழுத்துகளின் முழு வரிசை
உருபு – பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்தும் இடைச்சொல்
வழக்கொழிதல் – பயன்பாட்டிலிருந்து மறைதல்
பயிற்றுமொழி – பாடம் கற்பிக்கப்படும் மொழி

மதிப்பீடு

1. பரிமாற்ற மாணவருக்கும் வெளிநாட்டில் முழுப் பட்டப்படிப்பையும் பயில்பவருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. புறப்படும் முன்னர் மாணவர் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டியது எது? ஏன்?
3. ‘எழுதிப் பார்’, ‘கேட்டுப் பார்’ ஆகியவற்றில் ‘பார்’ என்பது தரும் பொருளை விளக்குக. இதே பொருளை மராத்தியில் எவ்வாறு கூறுவர் எனக் கேட்டு எழுதுக.
4. கார்வே ஜப்பானிடமிருந்து எதனை ஏற்றார்? தம் மண்ணுக்கு ஏற்ப எதனை அமைத்துக்கொண்டார்?

செயல்பாடு

வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் புனேவுக்கு வந்த முதல் மாதத்தில் மொழி தெரியாமல் எதிர்கொண்ட நிகழ்வு ஒன்றைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக. வகுப்பில் படித்துக் காட்டுக.